கீபோர்டு ஷார்ட்கட்: எதிலிருந்து பழகத் தொடங்குவது? எஃப் கீகள் எதற்கு?

#1 முகில்நிலா

எல்லோருக்கும் வணக்கம். என் வேலை முழுக்க வேர்டு, எக்செல், பிரவுசர் இந்த மூன்றில்தான். கண்ட்ரோல்+சி, கண்ட்ரோல்+வி, கண்ட்ரோல்+இசட் தெரியும். அதற்கு மேல் எல்லாம் மவுஸ்தான். சாயங்காலம் ஆனால் வலது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்துவிடுகிறது.

ஷார்ட்கட் பழகலாம் என்று தேடினால் நூறு, இருநூறு என்று நீளப் பட்டியல்தான் வருகிறது. படிக்கும்போது புரிகிறது, மறுநாள் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. எதிலிருந்து தொடங்குவது, எந்த வரிசையில் போவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இன்னொரு சந்தேகம். எஃப்2 அழுத்தினால் ஃபைலின் பெயரை மாற்றலாம் என்கிறார்கள். என் லேப்டாப்பில் அழுத்தினால் சவுண்டுதான் குறைகிறது. ஏன்?

#2 பழைய_தட்டச்சர்

முகில்நிலா, பட்டியலை மூடி வையுங்கள். அதை மனப்பாடம் செய்து யாரும் ஷார்ட்கட் பழகியதில்லை. நாளைக்கு வேலை செய்யும்போது உங்கள் கையை மட்டும் கவனியுங்கள். மவுஸுக்கு எதற்காகத் திரும்பத் திரும்பப் போகிறது? அந்த ஒரு வேலைக்கான கீயை மட்டும் தேடி எடுத்து ஒரு வாரம் அதையே பயன்படுத்துங்கள். அது கையில் படிந்த பிறகு அடுத்தது.

கூடவே ஷிஃப்ட், கண்ட்ரோல் இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்ற தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பட்டியல் தேவையே இல்லை.

அம்புக்குறி கீ கர்சரை ஓர் எழுத்து நகர்த்தும். அதோடு கண்ட்ரோலைச் சேர்த்தால் ஒரு சொல் நகரும். ஹோம், எண்ட் வரியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் போகும். கண்ட்ரோலோடு சேர்ந்தால் முழு ஆவணத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் போகும். ஆக, கண்ட்ரோல் வந்தால் தாவும் தூரம் கூடுகிறது. இதே நகர்வுகளை ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு செய்தால், கர்சர் கடந்து போன இடமெல்லாம் செலக்ட் ஆகிவிடும். அவ்வளவுதான். ஷிஃப்ட்+எண்ட் என்றால் இங்கிருந்து வரி முடியும் வரை. கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எண்ட் என்றால் இங்கிருந்து ஆவணம் முடியும் வரை. யாரும் சொல்லித்தராமலே நீங்களே ஊகிக்கலாம். பேக்ஸ்பேஸ் ஓர் எழுத்தை அழிக்கும் என்றால், கண்ட்ரோல்+பேக்ஸ்பேஸ் என்ன செய்யும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஷிஃப்ட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. பல இடங்களில் எதிர்த்திசையில் கொண்டுபோகும். ஆல்ட்+டேப் அடுத்த விண்டோவுக்குப் போகும், ஷிஃப்ட் சேர்த்தால் பின்னோக்கி வரும். படிவம் நிரப்பும்போது டேப் அடுத்த கட்டத்துக்கு, ஷிஃப்ட்+டேப் முந்தைய கட்டத்துக்கு. பிரவுசரில் கண்ட்ரோல்+டி (ஆர்-க்கும் ஒய்-க்கும் நடுவில் இருக்கும் டி) புதிய டேப் திறக்கும். அதோடு ஷிஃப்ட்டும் சேர்ந்தால், தவறி மூடிய டேப் திரும்ப வரும். அந்த ஒன்று மட்டும் தெரிந்திருந்தாலே எத்தனையோ பேருக்குத் தேடல் மிச்சம்.

#3 கணக்குப்பிள்ளை

தட்டச்சர் ஐயா சொன்ன தர்க்கம் எக்செல்லில் இன்னும் அழகாகப் பொருந்தும். கண்ட்ரோல்+கீழ் அம்பு அழுத்தினால், தரவு எங்கே முடிகிறதோ அங்கே போய் நிற்கும். ஷிஃப்ட்டும் சேர்ந்தால் அதுவரை செலக்ட் ஆகும். பத்தாயிரம் வரி இருந்தாலும் மவுஸை இழுத்துக்கொண்டே போக வேண்டியதில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: நடுவில் காலிக் கட்டம் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். பலர் இது தெரியாமல் பாதித் தரவை மட்டும் கூட்டிவிட்டு, கணக்கு ஏன் உதைக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

எஃப்2-வும் எஃப்4-ம் எனக்கு உயிர். கட்டத்தில் இருந்துகொண்டு எஃப்2 அழுத்தினால் உள்ளே இருப்பதைத் திருத்தலாம், டபுள் கிளிக் தேவையில்லை. ஃபார்முலா எழுதும்போது ஏ1 என்று அடித்ததும் எஃப்4 அழுத்திப் பாருங்கள். $ஏ$1 ஆகும். மறுபடி அழுத்தினால் ஏ$1, அடுத்து $ஏ1, அப்புறம் பழையபடி ஏ1. டாலர் குறியைக் கையால் போட்டுப் போட்டு எடுக்கும் சிரமமே இல்லை. ஃபார்முலாவுக்கு வெளியே இருக்கும்போது அதே எஃப்4, கடைசியாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்யும். ஒரு வரிக்கு மஞ்சள் நிறம் கொடுத்தீர்களா? அடுத்த வரிக்குப் போய் எஃப்4. வேர்டிலும் இப்படித் திரும்பச் செய்ய எஃப்4 உண்டு.

ஆல்ட்டும் சமக்குறியும் சேர்த்து அழுத்தினால் கூட்டல் ஃபார்முலா வந்துவிடும். கண்ட்ரோலும் அரைப்புள்ளியும் சேர்ந்தால் இன்றைய தேதி. கட்டத்துக்குள்ளேயே அடுத்த வரி வேண்டுமென்றால் ஆல்ட்+என்டர். ஒரே மதிப்பைப் பல கட்டங்களில் நிரப்ப, எல்லாவற்றையும் செலக்ட் செய்து, ஒரு முறை அடித்து, கண்ட்ரோல்+என்டர்.

இதையெல்லாம் ஒரே நாளில் எடுக்காதீர்கள் தங்கச்சி. எஃப்2-வில் தொடங்குங்கள்.

#4 சாளரம்

சவுண்டு குறையும் கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலான லேப்டாப்களில் மேல் வரிசைக் கீகளுக்கு இரண்டு வேலை: ஒன்று எஃப்1 முதல் எஃப்12 வரை, இன்னொன்று சவுண்டு, வெளிச்சம், விமானப் பயன்முறை மாதிரி. எது முதலில் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் முடிவு செய்திருப்பார். உங்களுக்கு இரண்டாவது முதலில் வருகிறது. இப்போதைக்கு எஃப்என் கீயைப் பிடித்துக்கொண்டு எஃப்2 அழுத்துங்கள், பெயர் மாற்ற வரும்.

நிரந்தரமாக மாற்ற: எஸ்கேப் கீயின் மேல் சின்னப் பூட்டுப் படமோ, எஃப்என்லாக் என்ற எழுத்தோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எஃப்என்+எஸ்கேப் ஒரு முறை அழுத்தினால் போதும், இரண்டும் இடம் மாறிவிடும். இல்லையென்றால் பயாஸ் அமைப்பில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) இதற்கான தெரிவு இருக்கும், அதன் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இனி எஃப் கீகள். 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் கீபோர்டில் இவை பத்துதான், அதுவும் இடது ஓரத்தில் இரண்டு பத்தியாக இருந்தன. பன்னிரண்டாகி மேல் வரிசைக்கு வந்தது பிறகுதான். எஃப்1 என்றால் உதவி என்ற வழக்கம் 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த சியுஏ என்ற விதிகளிலேயே (மென்பொருள்களின் கீகளும் மெனுக்களும் ஒரே மாதிரி இருக்க வகுத்தவை) இருக்கிறது. அந்த மாதிரி ஒரு பொதுவிதி இருந்ததால்தான் இன்றும் வெவ்வேறு மென்பொருளில் ஒரே கீ ஒரே வேலை செய்கிறது.

விண்டோஸில் நான் தினமும் தொடுபவை எஃப்2, எஃப்5, எஃப்12. எஃப்2 பற்றி ஒரு நுணுக்கம்: ஃபைலைத் தேர்ந்து எஃப்2 அழுத்தினால் பெயர் மட்டும்தான் செலக்ட் ஆகும், புள்ளிக்குப் பின்னால் வரும் நீட்டிப்பு அப்படியே இருக்கும். அதனால் தைரியமாக அடிக்கலாம். அடித்து முடித்ததும் என்டருக்குப் பதில் டேப் அழுத்துங்கள், அடுத்த ஃபைல் பெயர் மாற்றத் தயாராக நிற்கும். ஃபோல்டர் நிறையப் படங்கள் இருக்கும்போது இதன் அருமை தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் போதுமென்றால் மொத்தமாகத் தேர்ந்து எஃப்2 அழுத்தி ஒரு பெயர் கொடுங்கள், பின்னால் (1), (2) என்று எண் தானாக விழும்.

பிரவுசரில் எஃப்5 பக்கத்தைப் புதுப்பிக்கும். புதுப்பித்தும் பழையதே தெரிந்தால் கண்ட்ரோல்+எஃப்5 அழுத்துங்கள், சேமித்து வைத்த நகலை விட்டுவிட்டுப் புதிதாக எடுத்து வரும். எஃப்12 வேர்டிலும் எக்செல்லிலும் வேறு பெயரில் சேமிக்கும் பெட்டியைத் திறக்கும். எஃப்7 வேர்டில் எழுத்துப்பிழை சரிபார்ப்பு. எஃப்11 பிரவுசரில் முழுத்திரை. வேர்டில் பொருளடக்கம் போட்டிருந்தால், அதன் மேல் கர்சரை வைத்து எஃப்9, பக்க எண்கள் சரியாகிவிடும்.

ஷிஃப்ட்+எஃப்10 பற்றி யாரும் பேசுவதில்லை. வலது கிளிக் மெனு அதில் திறக்கும்.

#5 முகில்நிலா

எஃப்என்+எஸ்கேப் வேலை செய்தது, மிக்க நன்றி! இப்போது எஃப்2 எஃப்2-வாகவே இருக்கிறது. ஆனால் பிரவுசரில் எஃப்12 அழுத்தினால் பக்கவாட்டில் ஏதோ நிரல் வரிகளாகத் திறக்கிறது. எதையாவது கெடுத்துவிட்டேனா?

#6 சாளரம்

ஒன்றும் கெடவில்லை. அது இணையதளம் உருவாக்குபவர்கள் பயன்படுத்தும் கருவி. எஃப்12-ஐ மறுபடி அழுத்தினால் மூடிவிடும். ஆனால் யாராவது "அங்கே இந்த வரியை ஒட்டுங்கள்" என்று சொன்னால் மட்டும் ஒட்டாதீர்கள், உங்கள் கணக்கைத் திருட அது ஒரு வழி.

#7 ஓசைவழி

இந்த இழையில் எல்லோரும் ஷார்ட்கட் என்றால் நேரம் மிச்சம் என்ற கோணத்தில் பேசுகிறீர்கள். எனக்குப் பார்வை இல்லை. எனக்கு இது குறுக்குவழி கிடையாது, இருக்கிற ஒரே வழி. மவுஸ் சுட்டி எங்கே நிற்கிறது என்பது எனக்குத் தெரியப்போவதில்லை.

நான் பயன்படுத்துவது என்விடிஏ என்ற திரைவாசிப்பான், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள். 2006-ல் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் எழுதத் தொடங்கியது. இலவசம், மூலநிரலும் திறந்தது. ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்ததும் நான் ஹெச் கீயை அழுத்துவேன், அடுத்த தலைப்புக்குத் தாவும். ஷிஃப்ட்+ஹெச் முந்தைய தலைப்பு. தட்டச்சர் ஐயா சொன்ன அதே எதிர்த்திசைதான். கே அழுத்தினால் அடுத்த இணைப்பு. இன்சர்ட்+எஃப்7 அழுத்தினால் பக்கத்தில் உள்ள இணைப்புகள், தலைப்புகள் எல்லாம் ஒரே பட்டியலாக வரும். கண்ணால் மேலோட்டமாகப் பார்ப்பதற்கு எனக்குக் கிடைத்த மாற்று அது.

பழகுபவர்களுக்கு இதில் ஒரு நல்ல வசதி: இன்சர்ட்+1 அழுத்திவிட்டால், அதன் பிறகு எந்தக் கீயைத் தொட்டாலும் அதன் பெயரையும் வேலையையும் சொல்லும், அந்த வேலையைச் செய்யாது. பயமில்லாமல் முழுக் கீபோர்டையும் தடவிப் பார்க்கலாம். மறுபடி இன்சர்ட்+1 அழுத்தினால் பழைய நிலை.

இணையதளம் செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்தைத் திறந்து, மவுஸைத் தொடாமல், டேப் கீயை மட்டும் வைத்து ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் டபிள்யூசிஏஜி என்ற அணுகல்தன்மை விதிகளில் எல்லா வேலையும் கீபோர்டில் முடிய வேண்டும் என்பது அடிப்படை நிலையிலேயே இருக்கிறது. ஆனாலும் தேதி தேர்ந்தெடுக்கும் நாட்காட்டியில் மாட்டிக்கொண்டு, அனுப்பும் பொத்தான் வரை போகவே முடியாத பக்கங்கள் ஏராளம். அந்த ஒரு பொத்தானுக்காக நான் இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

#8 பழைய_தட்டச்சர்

ஓசைவழி, நீங்கள் எழுதியது இந்த இழைக்கே கனம் சேர்த்துவிட்டது. இன்சர்ட்+1 எனக்குப் புதிய செய்தி. கை நடுங்குபவர்களுக்கும் ஒரு கையால் அடிப்பவர்களுக்கும் ஒன்று சேர்க்கிறேன்: விண்டோஸில் ஷிஃப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று கேட்கும். அதை இயக்கினால் கண்ட்ரோலை அழுத்திவிட்டு விடலாம், பிறகு சி அழுத்தலாம். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியதில்லை.

#9 வரைகோல்

கொஞ்சம் மாற்றுக் கருத்து. நான் படம் வரைகிறவன், கையில் மவுஸோ பேனாவோ இல்லாமல் என் வேலை நடக்காது. எல்லாவற்றுக்கும் கீபோர்டுதான் வேகம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆப்பிளில் வேலை செய்த புரூஸ் டாக்னாசினி 1989-லேயே எழுதியிருக்கிறார்: பயனர்கள் கீபோர்டுதான் வேகம் என்று உணர்கிறார்கள், கடிகாரம் வைத்துப் பார்த்தால் மவுஸ்தான் வேகமாக இருக்கிறது என்று. எப்போதாவது செய்யும் வேலைக்கு எந்தக் கீ என்று யோசிக்கும் நேரத்தில் மெனுவில் கிளிக் செய்து முடித்துவிடலாம்.

#10 பழைய_தட்டச்சர்

வரைகோல் எழுதியது:
> எப்போதாவது செய்யும் வேலைக்கு

இதில் உங்களோடு முழு உடன்பாடு. மாதம் ஒரு முறை செய்யும் வேலைக்கு ஷார்ட்கட் தேடக் கூடாது. ஆனால் யோசித்து அழுத்துகிற கீயும் யோசிக்காமல் விரல் தானே போகிற கீயும் ஒன்றல்ல. கண்ட்ரோல்+சி அழுத்தும்போது நீங்கள் யோசிக்கிறீர்களா? இல்லையே. அந்த நிலைக்கு வரும் அளவுக்குத் தினமும் செய்யும் வேலைகள் ஒருவருக்குப் பத்துப் பதினைந்துதான் இருக்கும். அவற்றை மட்டும் கீபோர்டுக்குக் கொண்டுவந்தால் போதும் என்பதுதான் நான் சொல்வது.

உங்களைப் போன்றவர்களுக்காகவும்தான் இசட், எக்ஸ், சி, வி என்ற நான்கு கீகளும் இடது ஓரத்தில் இருக்கின்றன. வெட்டுவது, நகலெடுப்பது, ஒட்டுவது என்ற முறையை 1970-களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் லேரி டெஸ்லர். பிறகு அவர் ஆப்பிளுக்குப் போனார். 1983-ல் வந்த லிசா கணினியில் செய்ததைத் திருப்ப இசட்டும், இந்த மூன்று வேலைகளுக்கு எக்ஸ், சி, வி-யும் வந்தன. நான்கும் அடுத்தடுத்து, கீழ் வரிசையில், இடது கைக்கு எட்டும் இடத்தில். வலது கை மவுஸில் இருந்தபடியே இடது கை இதைச் செய்யும். ஆக மவுஸும் கீபோர்டும் சேர்ந்தே வேலை செய்யத்தான் அந்த இடம் பொருந்துகிறது.

#11 வரைகோல்

அப்படிப் பார்த்தால் நானும் நாள் முழுக்க இடது கையால் ஷார்ட்கட்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஏற்றுக்கொள்கிறேன்.

#12 வெண்ணிலவன்

யாரும் விண்டோஸ் கீ பற்றிச் சொல்லவில்லையே? விண்டோஸ்+வி அழுத்துங்கள். முதல் முறை இயக்கட்டுமா என்று கேட்கும், சரி சொல்லுங்கள். அதன் பிறகு நீங்கள் காப்பி செய்தது கடைசி ஒன்று மட்டுமில்லை, கடைசி 25 வரை பட்டியலாக நிற்கும். வேண்டியதைத் தேர்ந்து ஒட்டலாம். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த வசதி. அடிக்கடி வேண்டியதை ஊசிக் குறியால் பின் (pin) செய்து வைத்தால் கணினியை அணைத்துப் போட்டாலும் இருக்கும். காப்பி செய்த பாஸ்வேர்டும் அந்தப் பட்டியலில் நிற்கக்கூடும், மற்றவர்களும் உட்காரும் கணினியில் இதை இயக்க வேண்டாம்.

திரையில் ஒரு பகுதியை மட்டும் படமெடுக்க விண்டோஸ்+ஷிஃப்ட்+எஸ். எழுந்து போகும்போது விண்டோஸ்+எல், திரை பூட்டிக்கொள்ளும். இரண்டு ஃபைலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க, ஒன்றில் விண்டோஸ்+இடது அம்பு, மற்றதில் விண்டோஸ்+வலது அம்பு. மேக் வைத்திருப்பவர்கள் இந்த இழையில் கண்ட்ரோல் என்று வருகிற பெரும்பாலான இடங்களில் கமாண்ட் என்று படித்துக்கொள்ளலாம். சொல் சொல்லாகத் தாவ மட்டும் அங்கே ஆப்ஷன்+அம்பு.

#13 எழுத்தாணி

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒன்று. விண்டோஸ்+ஸ்பேஸ் மொழியை மாற்றும், இது பலருக்குத் தெரியும். ஆனால் பேக்ஸ்பேஸும் டெலிட்டும் தமிழில் ஒரே மாதிரி அழிப்பதில்லை என்பதைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை.

வேர்டு, நோட்பேட் போன்றவற்றில் "போட்டி" என்று அடித்துவிட்டு ஒரு முறை பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள். கடைசி எழுத்து முழுதாகப் போகாது, இகரக் குறி மட்டும் போய் "போட்ட" நிற்கும். அதே "டி"-க்கு முன்னால் கர்சரை வைத்து டெலிட் அழுத்தினால் எழுத்து முழுதாகப் போய்விடும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோடு முறையில் மெய்யின் மேல் வரும் குறி தனிக் குறியீடாக இருப்பதால் இப்படி. எனவே குறியை மட்டும் திருத்த வேண்டுமா, எழுத்தின் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ். முழு எழுத்தையும் நீக்க வேண்டுமா, முன்னால் நின்று டெலிட். ஒலிபெயர்ப்பு முறையில் (ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுவது) அடிப்பவர்களுக்குச் சில மென்பொருளில் குறி ஒட்டாமல் உயிரெழுத்து தனியாக விழும், அங்கே மெய்யோடு சேர்த்துத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

#14 கணக்குப்பிள்ளை

புதிதாகப் பழகுபவர்கள் கவனமாக இருக்க வேண்டிய கீகளையும் சொல்லிவிட வேண்டும். ஷிஃப்ட்+டெலிட் ஃபைலைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பாது, நேரடியாக நீக்கிவிடும். உறுதியா என்று கேட்கும் பெட்டியில் யோசிக்காமல் என்டர் தட்டினால் போனது போனதுதான். வெறும் டெலிட் என்றால் பயமில்லை, ஃபோல்டரில் நின்றபடியே கண்ட்ரோல்+இசட் அழுத்தினால் திரும்ப வரும். ஃபைலைத் தவறான இடத்துக்கு நகர்த்தினாலும், பெயரை மாற்றினாலும்கூட கண்ட்ரோல்+இசட் திருப்பிவிடும். அது எழுத்துக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்.

#15 முகில்நிலா

எல்லோருக்கும் நன்றி. எஃப்2, கண்ட்ரோல்+ஷிஃப்ட்+அம்பு, விண்டோஸ்+வி இந்த மூன்றை மட்டும் இப்போதைக்கு எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இன்று காலையிலிருந்து எக்செல்லில் அம்புக்குறி அழுத்தினால் கட்டம் மாறவே இல்லை, ஷீட் முழுவதும் நகர்கிறது. எந்தக் கீயைத் தொட்டேன் என்று தெரியவில்லை.

#16 கணக்குப்பிள்ளை

ஸ்க்ரோல் லாக் இயங்கிவிட்டது. கீபோர்டில் அந்தக் கீ இருந்தால் ஒரு முறை அழுத்துங்கள். உங்கள் லேப்டாப்பில் இல்லையென்றால் விண்டோஸ்+கண்ட்ரோல்+ஓ அழுத்துங்கள், திரையில் ஒரு கீபோர்டு வரும். அதன் வலது பக்கத்தில் ஸ்க்ரோல் லாக் நிறம் மாறி இருக்கும், அதைக் கிளிக் செய்தால் அணைந்துவிடும். எக்செல்லின் கீழ் ஓரப் பட்டையிலும் ஸ்க்ரோல் லாக் என்று எழுதியிருக்கும், அது மறைந்ததும் அம்பு பழையபடி கட்டம் கட்டமாக நகரும்.